வாசற்காலில் போட்ட கோடு

எங்கள் வீட்டுச் சமையலறை வாசற்காலில் பென்சில் கோடுகள் ஏணிப்படி போல ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு பொங்கலன்றும் பையனை முதுகு ஒட்ட நிற்கவைத்து, தலைமேல் ஒரு நோட்டைப் படுக்க வைத்து, கோடு கிழித்துத் தேதி எழுதுவோம். ஓர் ஆண்டு அவன் ஒரே மூச்சில் நான்கு அங்குலம் வளர்ந்திருந்தான். சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியாயிற்று. அப்புறம்தான் உறைத்தது: ஐப்பசியில் பழைய தரைமேலேயே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டியிருந்தோம். தரை கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் ஏறிவிட்டது. பையன் வளர்ந்தது பாதி, வீடு வளர்ந்தது மீதி.

வளர்ச்சி என்பது ஒரு கழித்தல் கணக்கு. இன்றைய அளவிலிருந்து அன்றைய அளவைக் கழிக்க வேண்டும். இரண்டு நாளும் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும், நிற்கும் தரையும் ஒன்றாக இருக்க வேண்டும். உயரத்துக்கே இந்தப் பாடு. ஒரு குழந்தை ஓராண்டில் எவ்வளவு கற்றது, ஒரு நாட்டின் அறிவியல் பத்தாண்டில் எவ்வளவு முன்னேறியது என்று கேட்டால் கழித்தலின் இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்துவிடும். வகுப்பறையை அளப்பவர்களும் ஆய்வுக்கூடத்தை அளப்பவர்களும் பல ஆண்டுகளாகப் போடும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்தத் தரையைப் பற்றியவைதான்.

காலாண்டில் 62, அரையாண்டில் 71. பிள்ளை தேறியிருக்கிறதா? வினாத்தாள் வேறு, பாடப்பகுதி வேறு, சில சமயம் திருத்திய கையும் வேறு. பொதுத்தேர்வு முடிவு வரும்போதெல்லாம் போன ஆண்டைவிடத் தேர்ச்சி விகிதம் இவ்வளவு கூடியது, குறைந்தது என்று தலைப்புச் செய்தி வரும். போன ஆண்டு எழுதியவர்கள் இந்த ஆண்டு எழுதவில்லை என்பது அதில் இருக்காது. பள்ளி வாசலில் கட்டும் ஃபிளெக்ஸ் இன்னும் மோசம். சேர்க்கும்போதே நுழைவுத்தேர்வு வைத்து முதல் வரிசைப் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டு ‘100 சதவீதம்’ என்று போட்டுக்கொள்கிற பள்ளி, ஐந்தரை அடிக்கு மேல் உள்ளவர்களை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, எங்கள் வாசற்கால் பிள்ளைகளை வளர்க்கும் என்று பெருமை பேசுகிறது. அந்தப் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரிகிறது. பள்ளி சேர்த்தது என்ன என்பது தெரியவில்லை.

சேர்த்ததை மட்டும் பிரித்தெடுக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை வந்த இடம் விசித்திரமானது. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பக்கம் வேலை பார்த்த புள்ளியியலாளர் வில்லியம் சாண்டர்ஸ். கால்நடை இனவிருத்தியில் ஒரு பழைய சிக்கல் உண்டு. ஒரு காளையின் தரத்தை அதன் பெண் கன்றுகள் பிற்பாடு கறக்கும் பாலை வைத்துத்தான் அந்நாளில் சொல்ல முடிந்தது. ஆனால் பால் தீவனத்தையும் பொறுத்தது, பண்ணையையும் பொறுத்தது, அந்த ஆண்டு மழையையும் பொறுத்தது. இவற்றையெல்லாம் கழித்துக் காளையின் பங்கை மட்டும் மதிப்பிட ஒரு கணக்குமுறை வளர்ந்திருந்தது. அதையே வகுப்பறைக்குக் கொண்டுபோகலாம் என்றார் சாண்டர்ஸ். ஒவ்வொரு மாணவரின் பழைய மதிப்பெண்களை வைத்து இந்த ஆண்டு அவர் எங்கே இருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டும். உண்மையில் வந்த மதிப்பெண் அதைத் தாண்டினால் தாண்டிய அளவு ஆசிரியர் கணக்கில் வரவு, குறைந்தால் பற்று. 1992-இல் டென்னசி மாநிலம் இதைச் சட்டத்திலேயே சேர்த்தது. ‘கூட்டிய மதிப்பு’ என்ற பெயரில் முறை நாடெங்கும் பரவியது.

ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கற்பிப்பவருக்கு இது முதல் முறையாகக் கிடைத்த நியாயம் போலத் தெரிந்தது. 40-இல் வந்த பிள்ளையை 55-க்குக் கொண்டுபோனவர், 90-இல் வந்ததை 91 ஆக்கியவரைவிடக் கூடுதலாகச் செய்திருக்கிறார் என்பதை எண்ணிலேயே காட்டலாம் அல்லவா?

ஆனால் 2010-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் சுமார் 6,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் பெயரோடு தரவரிசையை வெளியிட்டபோது கணக்கு தெருவுக்கு வந்தது. அதே ஆண்டு பொருளியலாளர் ஜெஸ்ஸி ராத்ஸ்டீன் ஒரு குறும்பான சோதனையை வெளியிட்டார். வட கரோலினா மாநில மாணவர்களின் தரவை எடுத்து, ஐந்தாம் வகுப்பு ஆசிரியர், அந்தப் பிள்ளைகள் நான்காம் வகுப்பில் கற்றதன்மேல் எவ்வளவு தாக்கம் செலுத்தினார் என்று அதே முறையில் கணக்குப் போட்டார். நியாயமாகப் பூஜ்யம் வர வேண்டும். இனிமேல் வரப்போகிற ஆசிரியர் போன ஆண்டுப் பாடத்தை எப்படி மாற்ற முடியும்? பூஜ்யம் வரவில்லை. கணிசமான தாக்கம் வந்தது. காரணம், பிள்ளைகள் எந்த வகுப்புக்குப் போகிறார்கள் என்பது குலுக்கல் சீட்டு இல்லை. தலைமையாசிரியருக்கு யாரை யாரிடம் விட வேண்டும் என்று தெரியும், பெற்றோருக்கும் தெரியும்.

எனக்குப் பிடித்த சோதனை அதற்குப் பிந்தையது. மரியான் பிட்லரும் மூன்று சக ஆய்வாளர்களும் நியூயார்க் நகரப் பள்ளிகளின் தரவை எடுத்துக்கொண்டு, அதே முறையில், ஆசிரியர்கள் மாணவர்களின் உயரத்தை எவ்வளவு கூட்டுகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். 2019-இல் வெளிவந்த அந்த முடிவின்படி, ஆசிரியருக்கு ஆசிரியர் உயரத்தில் தெரிந்த ‘தாக்கம்’ கணக்கிலும் வாசிப்பிலும் தெரிந்த தாக்கத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது! பாடம் நடத்தி யாரும் யாரையும் உயரமாக்க முடியாது. எளிய கணக்குமுறைகளில் தெரிந்த வேறுபாட்டின் ஒரு பகுதி தற்செயலாக வரும் வெறும் இரைச்சல் என்பதற்கு இதைவிட அழகான சான்று வேண்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு. ராஜ் செட்டியும் ஜான் ஃபிரீட்மனும் ஜோனா ராக்காஃபும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கணக்குப்படி உயர்ந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் பிற்பாடு கல்லூரிக்குப் போவதும் சம்பாதிப்பதும் சற்றே கூடுதலாக இருந்தன. ஆக, பல ஆண்டுத் தரவைச் சேர்த்துக் கவனமாகப் போட்டால் கணக்கில் சரக்கு இருக்கிறது. ஓராண்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரின் வேலையைப் பறிக்கிற அளவுக்கு இல்லை. அதே 2014-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம், மாணவர் மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அறிக்கை விட்டது. ஹூஸ்டனில் வழக்கே நடந்தது. கணக்கின் சூத்திரம் தனியார் நிறுவனத்தின் ரகசியம். தன் எண் சரியா என்று சரிபார்க்க ஆசிரியருக்கு வழியில்லை. ஆசிரியர்களின் இந்த முறையீட்டில் வலு இருப்பதாகச் சொல்லி, 2017-இல் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கைத் தொடர விட்டது.

இதற்குப் பக்கத்திலேயே இயற்பியல் ஆசிரியர்கள் சத்தமில்லாமல் எளிய வழி ஒன்றைப் பிடித்திருந்தார்கள். 1992-இல் டேவிட் ஹெஸ்டினஸும் கூட்டாளிகளும் விசை பற்றி ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். சூத்திரமோ கணக்கோ கிடையாது. லாரியும் காரும் மோதினால் யார்மேல் யார் செலுத்தும் விசை அதிகம் என்பது போன்ற கேள்விகள். தவறான விடைகளெல்லாம் சாதாரண மனிதர் நம்புகிறவை. இதையே பருவத் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை கொடுப்பது. அளவுகோல் மாறாது.

ரிச்சர்ட் ஹேக் இதற்கு ஒரு கழித்தலையும் வகுத்தலையும் சேர்த்தார். தொடக்கத்தில் ஒரு வகுப்பின் சராசரி 40, முடிவில் 70 என்றால், கற்க வேண்டியிருந்த 60-இல் 30 கற்றாயிற்று, ஆதாயம் 0.5. தொடக்கத்தில் 80, முடிவில் 90 என்றாலும் மீதியிருந்த 20-இல் 10, அதே 0.5. மேலே நிற்பவருக்கு இனி ஏற இடமில்லை என்ற குறையை இது ஓரளவு ஈடுகட்டுகிறது. 1998-இல் அவர் 62 பாடவகுப்புகளின் 6,542 மாணவர்களைக் கணக்கெடுத்து வெளியிட்டார். பேராசிரியர் பேச மாணவர் குறிப்பெடுக்கும் 14 வகுப்புகளில் சராசரி ஆதாயம் 0.23. மாணவர்களை யோசிக்கவும் தங்களுக்குள் வாதாடவும் விட்ட 48 வகுப்புகளில் 0.48. அந்த 14-இல் ஒன்றுகூட 0.3-ஐத் தொடவில்லை. நன்றாகப் பாடம் எடுக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்த பலரை அந்த எண்கள் உலுக்கின. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் அதற்கு முன்பே தன் மாணவர்களுக்கு இந்தத் தாளின் முன்னோடியான ஒரு தாளைக் கொடுத்திருந்தார். நீங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நாங்கள் சாதாரணமாக நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவி கேட்டதை அவர் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இரண்டும் வேறு வேறாகவே இருந்திருக்கின்றன, பருவம் முழுக்க.

நம் ஊருக்கு வருவோம். பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒரே தேர்வால் ஒப்பிடும் பிசாவின் 2009 சுற்றின் நீட்சியாகத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் தங்கள் பிள்ளைகளை எழுதவைத்தன. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது பங்கேற்ற 74 நாடுகள், பகுதிகளின் பட்டியலில் இரண்டும் அடிவாரத்தில் இருந்தன. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்கு அந்நியமானவை என்று சொல்லி இந்தியா விலகிக்கொண்டது. 2019-இல் மீண்டும் சேரச் சம்மதித்தாலும் கொரோனாவுக்குப் பிறகு நடந்த 2022 சுற்றில் பங்கேற்கவில்லை. அந்தத் தேர்வு கொடுத்த தலைகுனிவைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. எனக்கு உறுத்துவது வேறு: வாசற்காலில் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டு வீட்டைக் காலி செய்துவிட்டோம். அந்தக் கோடு தாழ்வாக இருந்தது தெரியும். அதற்குப் பிறகு ஏறினோமா என்று அந்த அளவுகோலால் சொல்ல முடியாது.

பிரதம் அமைப்பு 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகப் போய் நடத்தும் ஏசர் ஆய்வு வேறு வகை. இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கச் சொல்வார்கள், கழித்தல் போடச் சொல்வார்கள். சோதனை ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய அதேதான். அளவுகோல் நிற்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் நிற்பது வேறு பிள்ளை. நாட்டின் போக்கை அறிய அது போதும். ஒரு பிள்ளை எவ்வளவு நகர்ந்தது என்று அதில் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு தமிழ்நாட்டில் தற்செயலாக அமைந்தது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் 2019-இலேயே தமிழகக் கிராமங்களில் குழந்தைகளை வீட்டிலேயே சோதித்து வைத்திருந்தார்கள். பிறகு கொரோனா. பள்ளிகள் ஏறக்குறைய 18 மாதம் மூடிக் கிடந்தன. 2021 டிசம்பரில் அதே கிராமங்களுக்குத் திரும்பிப் போனார்கள். ஆய்வில் வந்த குழந்தைகள் சுமார் 19,000. 2019-இல் அதே ஊரில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் கணக்கில் 0.7 திட்டவிலக்கம், மொழியில் 0.34 திட்டவிலக்கம் பின்தங்கியிருந்தார்கள். திட்டவிலக்கம் என்றதும் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். 100 பேர் நிற்கும் வரிசையில் நடுவில் இருந்த பிள்ளை 0.7 பின்வாங்கினால் ஏறத்தாழ 24-ஆம் இடத்துக்குப் போய்விடும், அடியிலிருந்து எண்ணினால்.

அவர்கள் அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்னொரு சோகச் செய்தியாக முடிந்திருக்கும். 2022 பிப்ரவரியிலும் கோடையிலும் மறுபடி அளந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதத்துக்கு, தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மாலை வகுப்பு எடுத்த ‘இல்லம் தேடிக் கல்வி’ காரணம் என்று மதிப்பிட்டார்கள். சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். 2021 டிசம்பரில் மட்டும் அளந்தவர் ஒரு தலைமுறையே போயிற்று என்பார். 2022 மே மாதம் மட்டும் அளந்தவர் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்பார். பல கோடுகள் இருந்ததால் மட்டுமே கதை தெரிந்தது.

இதே முரளிதரனும் சிங்கும் அலெஹாந்த்ரோ கானிமியனும் டெல்லியில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கண்டது இன்னும் கசப்பானது. கூடுதல் உதவி எதுவும் இல்லாமல் வழக்கம்போலப் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைகளில், அடிமட்ட மூன்றில் ஒரு பங்கினரின் கற்றல் அந்த நாலரை மாதத்தில் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. பாடம் நகர்ந்துகொண்டிருந்தது. அவர்கள் நகரவில்லை.

இனி அறிவியல். அங்கே வாசற்கால் எது?

1940களின் கடைசியில் சிங்கப்பூரில் இருந்த ராஃபிள்ஸ் கல்லூரியில் டெரெக் பிரைஸ் என்ற இளம் ஆசிரியர் இருந்தார். லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ், 1665 முதல் வந்த தொகுதிகள், கல்லூரிக்கு வந்து சேர்ந்தன. நூலகக் கட்டடம் தயாராகும்வரை அவற்றைத் தன்னிடம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தவர், பத்தாண்டுக்கு ஓர் அடுக்காகச் சுவரோரம் அடுக்கினார். அடுக்குகளின் உச்சியைப் பார்த்தால் ஒரு வளைகோடு. முதலில் தவழ்ந்து, பிறகு நிமிர்ந்து, கடைசியில் செங்குத்தாக. கூட்டுவட்டியின் வளைகோடு அது. அறிவியல் 10 முதல் 15 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று பிரைஸ் பின்னாளில் எழுதினார். இப்படியே போனால் ஒரு நாள் நாட்டில் ஆளுக்கு இரண்டு விஞ்ஞானி, நாய்க்கும் இரண்டு விஞ்ஞானி என்றாகும், ஆகவே எங்கோ நின்றாக வேண்டும் என்றும் கேலியாகச் சேர்த்தார்.

அதே காலத்தில், 1948-இல், சீர்காழியில் பிறந்து முன்பு சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகப் பணிகளையும் எண்ணால் அளக்கும் ஒரு துறை வேண்டும் என்று இங்கிலாந்தில் நடந்த மாநாட்டில் முன்மொழிந்தார். கணிதம் கற்பித்தவர் நூலகரானால் வேறென்ன கேட்பார்?

பிரைஸ் அளந்தது காகிதத்தின் உயரத்தை. அது அறிவின் உயரமா? காகிதத்தை எண்ணுவதிலேயே எந்தக் காகிதம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. லுட்ஸ் போர்ன்மனும் ரூடிகர் முட்ஸும் 2015-இல், கட்டுரைகளின் அடியில் சுட்டப்படும் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் எண்ணி, தற்காலத்தில் ஆண்டுக்கு 8 முதல் 9 சதவீத வளர்ச்சி என்றார்கள். ஏறக்குறைய 9 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு. 2021-இல் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு, நான்கு தரவுத்தளங்களில் பதிவான வெளியீடுகளை எண்ணி, நீண்டகால வளர்ச்சி 4.1 சதவீதம், இரட்டிப்பாக 17.3 ஆண்டு என்றார்கள். ஆய்வாளர்கள் அவர்களேதான். மாறியது தரை.

எண்ணிக்கை போதாது, தரம் வேண்டும் என்று வந்ததுதான் மேற்கோள் கணக்கு. யார் கட்டுரையை யார் சுட்டுகிறார்கள் என்று யூஜின் கார்ஃபீல்ட் 1960களில் அட்டவணை போட்டார். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை சுட்டப்படுகின்றன என்று காட்டி, எந்த இதழை வாங்குவது என்று நூலகர்களுக்கு உதவிய ‘இம்பாக்ட் ஃபேக்டர்’, ஆளை வேலைக்கு எடுக்கலாமா என்று முடிவெடுக்கும் கருவியாக மாறியது. 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் கொண்டுவந்த எச்-இண்டெக்ஸ், கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அவை பெற்ற மேற்கோள்களையும் சேர்த்து, ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பை ஒற்றை எண்ணாக்கியது. மெதுவாகச் சுட்டப்படும் கணிதக்காரரும் நூற்றுக்கணக்கில் சுட்டப்படும் மருத்துவ ஆய்வாளரும் ஒரே தராசில் ஏறினார்கள்.

ஓர் அளவை இலக்காக்கினால் அது அளவாக இருப்பதை நிறுத்திவிடும் என்று பொருளியலில் ஒரு விதி உண்டு, சார்லஸ் குட்ஹார்ட் பெயரில். ஆசிரியப் பதவி உயர்வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் கட்டுரை கட்டாயம் என்றானதும், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் இந்தியாவில் முளைத்தன. யுஜிசி ஓர் அங்கீகாரப் பட்டியல் போட்டது. 2018 மே மாதம் அதிலிருந்தே 4,305 இதழ்களை நீக்க வேண்டிவந்தது. 2022-இல் முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற நிபந்தனையே போயிற்று. இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை: 2023-இல் உலக அளவில் 10,000-க்கு மேல் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, அவற்றில் 8,000-க்கு மேல் ஹிண்டாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. வளர்ச்சி வளைகோட்டில் அவையும் ஏறியிருந்தன.

அதே 2023-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை பரபரப்பானது. 4.5 கோடி ஆய்வுக் கட்டுரைகளையும் 39 லட்சம் காப்புரிமைகளையும் அலசி, பழைய பாதையை உடைக்கும் ஆய்வுகளின் இயல்பு 1945 முதல் 2010 வரை தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது என்றது. ஒரு கட்டுரையைச் சுட்டுகிறவர்கள் அதற்கு முந்தியவற்றைச் சுட்டாமல் விட்டால் அது பாதையை உடைத்தது என்று பொருள்; இதுதான் அளவுகோல். யோசனை நன்றாகத்தான் இருந்தது. மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் தரவைக் கிளறினார்கள். பழைய கட்டுரைகள் பலவற்றுக்குத் தரவுத்தளத்தில் அடிக்குறிப்புகளே பதிவாகவில்லை. முந்தியவை என்று எதுவும் இல்லாததால் அவையெல்லாம் முழு மதிப்பெண் வாங்கிப் புரட்சிக்காரர்களாக நின்றிருந்தன. காலப்போக்கில் பதிவு சீரானதும் புரட்சி குறைந்துவிட்டது! வீழ்ச்சியின் பெரும்பகுதி இந்தக் குறையால் வந்தது என்பது அவர்கள் வாதம். சண்டை இன்னும் ஓயவில்லை.

காகிதத்தை விட்டுவிட்டுப் பொருளை அளந்தவர்களிடம் எனக்குக் கூடுதல் நம்பிக்கை உண்டு. ஒரு கணினிச் சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை இரண்டாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாவது தொடர வேண்டுமானால், 1970களின் தொடக்கத்தில் தேவைப்பட்டதைப் போல 18 மடங்கு ஆராய்ச்சியாளர்கள் இப்போது வேண்டும் என்று நிகோலஸ் புளூமும் கூட்டாளிகளும் 2020-இல் காட்டினார்கள். தடுமாற இடம் குறைந்த கணக்கு அது. ஆனால் எல்லா அறிவியலுக்கும் எண்ணிப் பார்க்க டிரான்சிஸ்டர் கிடைப்பதில்லை.

கிடைக்காத இடத்தில் இன்னொரு வழி இருக்கிறது: கண்டுபிடித்ததாகச் சொன்னதை மறுபடி செய்து பார்ப்பது. 2015-இல் உளவியலில் 100 ஆய்வுகளை அப்படி மீண்டும் நடத்தினார்கள். முதல் முறை 97 சதவீத ஆய்வுகளில் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத முடிவு இருந்தது. இரண்டாம் முறை 36 சதவீதத்தில். விளைவுகளின் அளவும் சராசரியாகப் பாதியாகச் சுருங்கியது. உளவியலுக்கு இது வலித்தது, ஆனாலும் இரண்டாவது கோட்டைப் போட்டுக்கொண்டார்கள்.

பிள்ளைகளின் வளர்ச்சியை எப்படி அளப்பது, எந்தக் கற்பித்தல் முறை உதவும் என்று நமக்குச் சொல்லும் கல்வி ஆராய்ச்சி இந்த விஷயத்தில் எப்படி என்று மேத்யூ மேக்கலும் ஜொனாதன் பிளக்கரும் 2014-இல் எண்ணிப் பார்த்தார்கள். முன்னணிக் கல்வி ஆய்விதழ்கள் 100-ஐ எடுத்து, அவை தொடங்கிய நாள் முதல் வெளியிட்டவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்தார்கள். மொத்தம் 1,64,589 கட்டுரைகள். ஏற்கெனவே வந்த ஓர் ஆய்வை மறுபடி செய்து பார்த்தவை 221.